போட்டோ ஷார்ப்பனிங்: மூன்று தடவை செய்ய வேண்டிய வேலை

ஷார்ப்பனிங் ஸ்லைடரை வலது பக்கம் கடைசிவரை இழுத்துவிட்டு, 'ஆகா, இப்ப எப்படி இருக்கு' என்று என்னை நானே மெச்சிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அப்படி ஒருநாள் எங்கள் ஆச்சியின் படத்தை எடிட் செய்து, 12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஜன்னல் வெளிச்சம், நல்ல லென்ஸ், எல்லாம் கூடிவந்த படம். ஆச்சி கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏல, எம் மூஞ்சியில இம்புட்டுக் கோடா கெடக்கு? வெள்ளரிப்பழம் வெடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். படத்தை 33 சதவீதத்துக்குச் சுருக்கி வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் படம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறவரை ஷார்ப் செய்திருக்கிறேன். பேப்பரில் அது பெரிதாக வந்தபோது ஒவ்வொரு சுருக்கத்தின் ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு கறுப்புக் கோடு. தப்பு ஸ்லைடரில் இல்லை. எந்த அளவில் பார்க்கப்போகும் படம் என்று யோசிக்காமல் இழுத்ததுதான் தப்பு.

ஷார்ப்பனிங் ஒரே தடவையில் முடிகிற வேலை கிடையாது. கேமரா தொலைத்ததை ஈடுகட்ட ஒரு தடவை. பார்க்கிறவர் கண் எங்கே போய் நிற்க வேண்டுமோ அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தடவை. படம் கடைசியில் போய்ச் சேரும் இடம் போன் திரையா பேப்பரா என்று பார்த்து ஒரு தடவை. இப்படி மூன்றாகப் பிரித்துச் செய்யும் முறையைப் பரப்பியவர் ஃபோட்டோஷாப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய புரூஸ் ஃபிரேசர். 2006-ல் காலமாகிவிட்டார். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஸ்கிரீனா, மேட்டா (பளபளப்பில்லாத பேப்பர்), கிளாஸியா (பளபளப்பான பேப்பர்) என்று கேட்கிறதே, அது அந்த வழியில் வந்ததுதான்.

உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே படத்தை வைத்துக்கொள்கிறேன்: திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் எடுத்த சங்குவளை நாரை. 24 மெகாபிக்சல், அதாவது 6000-க்கு 4000 பிக்சல். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/1250, எஃப் 6.3, ரா ஃபைல் (கேமரா தன் கைவேலையைக் காட்டாமல் அப்படியே சேமித்தது). கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் மங்கலாகக் குளமும் வானமும். மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், நெஞ்சில் கறுப்பும் வெள்ளையும் கலந்து செதில் செதிலாக ஒரு பட்டை. நுணுக்கமான இறகும் வெறும் வானமும் ஒரே படத்தில் இருப்பதால் பழகுவதற்கு நல்ல படம். உங்களிடம் இருக்கும் எந்தப் பறவைப் படமும் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதனால் தாண்டிப் போகாதீர்கள்.

அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயரே பலரைக் குழப்பும். ஷார்ப் செய்கிற கருவிக்கு எதற்கு அன்ஷார்ப் என்று பெயர்? ஃபிலிம் காலத்து டார்க்ரூம் வேலை அது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு சேர்த்துவைத்து பிரிண்ட் போட்டால் ஓரங்கள் எடுப்பாக விழும். மாஸ்க் மங்கலானது, ஆகவே அன்ஷார்ப் மாஸ்க். இன்றைய சாஃப்ட்வேர் அதையேதான் கணக்காகப் போடுகிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நாரையின் கறுப்பு இறகும் வெள்ளை இறகும் சந்திக்கும் இடத்தில் ஒரு வரிசையில் ஆறு பிக்சல் இருக்கின்றன, அவற்றின் வெளிச்ச அளவு இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 80, 80, 80, 160, 160, 160. இதை மங்கலாக்க, ஒவ்வொரு பிக்சலையும் அதன் இடது வலது பக்கத்துப் பிக்சல்களோடு கூட்டிச் சராசரி எடுத்தால் 80, 80, 107, 133, 160, 160 என்று வரும். இப்போது அசலிலிருந்து மங்கலைக் கழியுங்கள். நடுவில் இருக்கும் இரண்டைத் தவிர மற்ற எல்லாம் பூஜ்ஜியம். அந்த இரண்டில் ஒன்று மைனஸ் 27, இன்னொன்று பிளஸ் 27. இந்த வித்தியாசத்தை அப்படியே, அதாவது 100 சதவீதம், அசலோடு கூட்டினால் கிடைப்பது: 80, 80, 53, 187, 160, 160.

ஓரத்தில் இருந்த கறுப்பு இன்னும் கறுத்துவிட்டது, வெள்ளை இன்னும் வெளுத்துவிட்டது. அவ்வளவுதான் ஷார்ப்பனிங். படத்துக்குள் புதிதாக ஒரு இறகுகூட வரவில்லை, ஓரத்தில் கான்ட்ராஸ்ட் ஏறியிருக்கிறது, கண் அதைக் கூர்மை என்று எடுத்துக்கொள்கிறது. அளவு மீறினால் அந்த 53-ம் 187-ம் தனித்தனிக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் ஹேலோ. ஆச்சியின் முகத்தில் விழுந்தது அதுதான்.

மூன்று ஸ்லைடர்களின் அர்த்தமும் இதிலேயே இருக்கிறது. அந்த 27-ல் எவ்வளவைக் கூட்டுவது என்பது அமவுண்ட்: 50 சதவீதம் வைத்தால் 67-ம் 173-ம் ஆகும். பக்கத்துப் பிக்சல்களில் எவ்வளவு தூரம்வரை சேர்த்துச் சராசரி எடுப்பது என்பது ரேடியஸ்: கூட்டினால் கோடு தடிக்கும். வித்தியாசம் ஒரு அளவுக்குமேல் இருந்தால் மட்டும் கை வை, இல்லாவிட்டால் விட்டுவிடு என்பது த்ரெஷோல்ட்: வானத்தில் இருக்கும் நாய்ஸில், அதாவது பொடிப்பொடியான புள்ளிகளில், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டு மூன்று அளவுதான் மாறும், அதைத் தொடாமல் விடத்தான் இது.

இந்த மூன்றில் கெடுதல் செய்வது அமவுண்ட் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் ரேடியஸ்தான் வில்லன். அமவுண்ட் அதிகமாகி ரேடியஸ் சின்னதாக இருந்தால் படம் கொஞ்சம் மொறுமொறுவென்று இருக்கும், மன்னித்துவிடலாம். ரேடியஸ் பெரிதாகிவிட்டால் கோபுரத்துக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளை ரிப்பன் சுற்றிய மாதிரி ஆகிவிடும், அதற்கு மன்னிப்பே கிடையாது.

முதலில் படம் தேறுமா என்று பாருங்கள்

படத்தை 100 சதவீதத்தில் வையுங்கள், அதாவது படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலாகத் தெரிய வேண்டும். பறவை என்றால் கண்ணைப் பாருங்கள். மங்கலாக இருக்கிறதா? அப்படியானால் ஏன் என்று கண்டுபிடியுங்கள்.

ஃப்ரேமில் வேறு ஏதாவது ஒரு இடம், முன்னால் இருக்கும் ஒரு கிளையோ பின்னால் இருக்கும் ஒரு இலையோ, நல்ல ஷார்ப்பாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. கண் ஷார்ப், இறக்கை நுனி மட்டும் கலங்கல் என்றால் பறவை அசைந்திருக்கிறது, அது அழகாகவும் இருக்கலாம், விட்டுவிடுங்கள். எஃப் 16, எஃப் 22 என்று மூடி எடுத்திருந்தால் டிஃப்ராக்ஷனால், அதாவது சின்னத் துளையில் நுழையும் ஒளி விரிந்து பரவுவதால், படம் முழுக்க ஒரே சீராகக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். இதை ஷார்ப்பனிங் நன்றாகவே ஈடுகட்டும்.

இன்னொன்று நிறையப் பேர் கவனிக்காதது, கானல். வெயில் ஏறியபிறகு தண்ணீருக்கும் கட்டாந்தரைக்கும் மேலே காற்று நெளியும். தூரத்தில் இருக்கும் பறவையை நீண்ட லென்ஸில் எடுத்தால் ஓரமெல்லாம் குழைந்துபோய் விழும். நானும் ஒருமுறை பகல் 11 மணிக்குப் போய் 300 படம் எடுத்துவந்து, லென்ஸ் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் புலம்பியிருக்கிறேன். காலை 6.30-க்கு அதே லென்ஸில் எடுத்த படம் ஊசி மாதிரி வந்தது.

ஃபோகஸ் தவறிய படத்தையும் கானல் படத்தையும் ஷார்ப்பனிங் மீட்டுத் தராது. ஏஐ கருவிகள் இப்போது மீட்டுத் தருவதாகச் சொல்கின்றன. லேசான ஆட்டத்துக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் ரொம்பவும் மங்கிய படத்தில் அவை போடும் இறகு அந்த நாரையின் இறகு இல்லை, இறகு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்ட ஒரு மாடலின் ஊகம். வீட்டில் மாட்டிக்கொள்ள அது பரவாயில்லை. பறவையை இனம் காண்பதற்கோ செய்திக்கோ கொடுக்கும் படம் என்றால் நான் அதைத் தொடமாட்டேன்.

தேறும் படம் என்றால் வரிசை இப்படி: எக்ஸ்போஷரும் நிறமும் முதலில், நாய்ஸ் குறைப்பது அடுத்து, ஷார்ப்பனிங் அதற்கப்புறம். மாற்றிச் செய்தால் நாய்ஸையும் சேர்த்துக் கூர்தீட்டிவிட்டுப் பிறகு அதை அழிக்கப் போராடுவீர்கள்.

முதல் தடவை: கேமரா தொலைத்ததை எடுப்பது

நல்ல லென்ஸ், ட்ரைபாட், சரியான ஃபோகஸ் எல்லாம் இருந்தும் ரா ஃபைல் ஏன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது? சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் வகுத்த அமைப்பு இது, 1976-ல் காப்புரிமை ஆனது. மற்ற இரண்டு நிறத்தையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து சாஃப்ட்வேர் ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் கொஞ்சம் கூர்மை போகும். போதாததற்குப் பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் படத்தை வேண்டுமென்றே துளி மங்கலாக்கும் ஒரு ஃபில்டர் இருக்கும், சேலை நெசவு மாதிரி நுண்ணிய கோடுகளில் மோயரே என்ற அலைக்கோலம் விழாமல் இருக்க. நிக்கான் 2012-ல் டி800இ என்று அந்த ஃபில்டரின் வேலையை ரத்து செய்து ஒரு மாடல் விட்டது, அதன்பின் பல கேமராக்கள் அதே வழியில் போய்விட்டன.

லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கு: டெவலப் பகுதியில் டீடெயில் பேனல். ரா ஃபைலுக்கு அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெயில் 25, மாஸ்கிங் 0 என்று ஏற்கெனவே போட்டிருக்கும். ஃபோட்டோஷாப்பின் கேமரா ராவிலும் இதே நான்கு ஸ்லைடர்தான்.

இங்கே முக்கியமான வித்தை ஆல்ட் கீ. மேக்கில் ஆப்ஷன். அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்லைடரை இழுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக மாறி, அந்த ஸ்லைடர் எங்கே வேலை செய்கிறது என்பதைக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இரண்டு வருஷம் குருட்டாம்போக்கில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

நாரைப் படத்துக்கு வருவோம். 100 சதவீத ஜூமில் கண்ணும் நெஞ்சுப் பட்டையும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரேடியஸ். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஓரங்கள் மட்டும் தெரியும். இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தப் படத்துக்கு 0.7. இறகு, ரோமம், புல், கல்லில் செதுக்கிய எழுத்து மாதிரி நுணுக்கமான விஷயங்களுக்கு 0.5 முதல் 0.8, கட்டடம், தெரு, சாதாரணக் காட்சிகளுக்கு 1 பக்கம், முகத்துக்கு 1.2 அல்லது 1.4. முகத்துக்கு ஏன் கூட்ட வேண்டும் என்றால், ரேடியஸ் சின்னதாக இருக்கும்போது தோலின் துளைகளைத்தான் அது முதலில் பிடிக்கும்; கொஞ்சம் பெரிதாக்கினால் இமை, உதடு மாதிரித் தடித்த ஓரங்களுக்குப் போய்விடும்.

அப்புறம் டீடெயில். இது பலருக்கும் புரியாத ஸ்லைடர். இடது பக்கம் இருக்கும்போது ஹேலோவை அடக்கி வைக்கும். வலது பக்கம் போகப் போக முறையே மாறி, டீகன்வொலூஷன் என்ற வேறு கணக்குக்குப் போகும், அதாவது படம் எப்படி மங்கியிருக்கும் என்று அனுமானித்து அந்த மங்கலைப் பின்னோக்கிக் கழிப்பது. நுண்ணிய இழைகளுக்கு அருமையாக இருக்கும், கூடவே நாய்ஸையும் கிளப்பிவிடும். நாரைக்கு 45 வைத்தேன். ஐஎஸ்ஓ 100-ல் எடுத்த கோயில் சிற்பத்துக்கு 60, 70 கூட வைக்கலாம். முகத்துக்கு 10, 15-க்கு மேல் போகவே வேண்டாம்.

இந்த டீகன்வொலூஷனுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1990-ல் ஹப்பிள் தொலைநோக்கியை விண்ணில் விட்டபிறகுதான் அதன் கண்ணாடியின் ஓரத்தைச் செய்யும்போதே சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாக இழைத்துவிட்டது தெரியவந்தது. 1993 டிசம்பரில் வீரர்கள் போய்ச் சரிசெய்யும்வரை, ரிச்சர்ட்சன் 1972-லும் லூசி 1974-லும் தனித்தனியே கண்டுபிடித்த ஒரு கணக்கு முறையை வைத்துத்தான் விஞ்ஞானிகள் பல படங்களைத் தெளிவாக்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் ராதெரபி என்ற ரா எடிட்டரில் இருக்கும் கேப்சர் ஷார்ப்பனிங், 2020-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்து, அதே ரிச்சர்ட்சன்-லூசி முறைதான். ரா பகுதியில் போய் ஒரு டிக் போட்டால் போதும், ரேடியஸைத் தானே கணித்துக்கொள்ளும். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு இந்த முதல் கட்டத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

அமவுண்ட் அதன்பிறகு: நாரைக்கு 55. கடைசியில் மாஸ்கிங். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் ஷார்ப் ஆகும், கறுப்பு ஆன இடம் ஆகாது. முதலில் திரை முழுக்க வெள்ளை. இழுக்க இழுக்க வானம் கறுக்கும், குளம் கறுக்கும், கடைசியில் பறவையும் கிளையும் மட்டும் வெள்ளைக் கோட்டோவியமாக நிற்கும். அங்கே நிறுத்துங்கள். எனக்கு 60-ல் நின்றது.

இந்தக் கட்டம் முடிந்ததும் படம் அசத்தலாகத் தெரியக் கூடாது. 'சரி, இப்போது மந்தமாக இல்லை' என்ற அளவு போதும். ஜேபெக் எடுப்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம், கேமரா ஏற்கெனவே உள்ளே செய்துவிட்டது. போன் படம் என்றால் தாண்டியே ஆக வேண்டும். பெரும்பாலான போன்கள் தேவைக்கு மேலேயே ஷார்ப் செய்துதான் படத்தைக் கையில் கொடுக்கின்றன.

இரண்டாம் தடவை: கண் போக வேண்டிய இடத்துக்கு மட்டும்

இங்கேதான் ரசனை வருகிறது. படம் முழுக்க ஒரே அளவு கூர்மை இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். நாரையில் எனக்கு வேண்டியது கண், அலகின் அடிப்பகுதி, நெஞ்சுப் பட்டை. கால், கிளை, கூடு எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்.

ஃபோட்டோஷாப்பில் இதற்கு நான் எப்போதும் போவது ஹை பாஸ். கன்ட்ரோல் + ஜே அடித்து லேயரை நகல் எடுங்கள். அந்த நகலை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டால் பிறகு எண்ணைத் திருத்தலாம். ஃபில்டர் மெனுவில் அதர் என்பதற்குள் ஹை பாஸ். படம் முழுக்கச் சாம்பலாகி, ஓரங்கள் மட்டும் லேசாகத் தெரியும். ரேடியஸை 0.1-லிருந்து மெதுவாக ஏற்றுங்கள். இறகின் கோடுகள் தெரிய ஆரம்பித்து, நிறம் இன்னும் தலைகாட்டாத இடத்தில் நிறுத்துங்கள். 24 மெகாபிக்சல் படத்துக்கு 1.5 முதல் 2.5-க்குள் அடங்கிவிடும். ஓகே கொடுத்துவிட்டு பிளெண்ட் மோடை ஓவர்லே ஆக்குங்கள். ஓவர்லேயில் நடுச் சாம்பல் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அதைவிடக் கறுத்தது படத்தைக் கறுப்பாக்கும், வெளுத்தது வெளுப்பாக்கும். அதனால் ஓரங்கள் மட்டும் எடுப்பாகும். கடுமையாகப் பட்டால் சாஃப்ட் லைட், போதவில்லை என்றால் லீனியர் லைட் வைத்து ஒபாசிட்டியைக் குறையுங்கள்.

அப்புறம் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு மாஸ்க் ஐகானைத் தட்டுங்கள். கறுப்பு மாஸ்க் விழும், செய்ததெல்லாம் மறைந்துவிடும். மென்மையான வெள்ளை பிரஷ், ஒபாசிட்டி 40 சதவீதம், கண்ணின் மேல் இரண்டு தடவை, நெஞ்சுப் பட்டையில் ஒரு தடவை. பறவைக்கும் வானத்துக்கும் நடுவே இருக்கும் வெளி ஓரத்தில் மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேலோ முதலில் விழுவது அங்கேதான்.

கிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரில் இதே வேலை, கிட்டத்தட்ட இதே வரிசை: லேயர் நகல், ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஹை பாஸ், மோடு ஓவர்லே, கறுப்பு லேயர் மாஸ்க். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ஹை பாஸ் தனி ஃபில்டராகவே இருக்கிறது, அதற்கு முன்னால் லேயரைத் தலைகீழாக்கி மங்கலாக்கி என்று சுற்றி வளைக்க வேண்டியிருந்தது.

லைட்ரூமிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்றால் மாஸ்க்கில் பிரஷ் எடுத்துக் கண்ணின் மேல் ஷார்ப்னெஸ் 30, டெக்ஸ்சர் 15 கொடுங்கள். டெக்ஸ்சருக்கும் கிளாரிட்டிக்கும் குழப்பம் வேண்டாம். கிளாரிட்டி பெரிய பரப்பில் கான்ட்ராஸ்டை ஏற்றும், மேகத்துக்கும் பாறைக்கும் நல்லது, முகத்தில் போட்டால் கரி பூசின மாதிரி ஆகும். 2019-ல் வந்த டெக்ஸ்சர் அதைவிட நுண்ணியது; மைனஸில் வைத்தால் தோலை பிளாஸ்டிக் ஆக்காமலே மென்மையாக்கும்.

ஆச்சியின் படத்தை நான் திரும்பச் செய்தது இப்படித்தான். முதல் கட்டத்தில் ரேடியஸ் 1.3, டீடெயில் 10, மாஸ்கிங் 80. அதன்பின் கண்மணி, இமை, புருவம், காதில் தொங்கும் பாம்படம், சேலைக் கரை, இவற்றுக்கு மட்டும் பிரஷ். கன்னத்தையும் நெற்றியையும் தொடவே இல்லை. சுருக்கம் ஒன்றுகூடப் போகவில்லை, எல்லாம் அங்கேதான் இருந்தன, ஆனால் பார்த்தவுடன் கண் போனது அவள் கண்ணுக்கும் பாம்படத்துக்கும். இரண்டாவது பிரிண்டைப் பார்த்து, "இது நாந்தான்" என்றாள்.

இரண்டு தொல்லைகளைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். நாரையின் ஆரஞ்சு முகம் மாதிரி அழுத்தமான நிறம் இருக்கும் ஓரத்தில் ஷார்ப் செய்தால் நிறமும் கூடி ஒரு விளிம்பு கட்டும். ஹை பாஸ் லேயரை டீசாச்சுரேட் செய்து நிறத்தை எடுத்துவிடுங்கள், அல்லது அன்ஷார்ப் மாஸ்க் போட்ட லேயரின் பிளெண்ட் மோடை லூமினாசிட்டி ஆக்குங்கள், நிறம் தப்பிக்கும். இன்னொன்று வெள்ளை ஹேலோ. கண்ணுக்கு உறுத்துவது பெரும்பாலும் வெள்ளைக் கோடுதான், கறுப்புக் கோடு அவ்வளவாகத் தெரியாது. ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஷார்ப்பனில் ஹைலைட்ஸ் என்ற பகுதியில் ஃபேட் அமவுண்டை 40, 50 வைத்தால் வெள்ளைப் பக்கம் மட்டும் தணியும்.

மூன்றாம் தடவை: படம் எங்கே போகிறது

இதுவரை செய்ததை அப்படியே லேயர்களோடு சேமித்துவிடுங்கள். இதுதான் மூல ஃபைல். இதன்மேல் மூன்றாவது ஷார்ப்பனிங்கைப் போடவே கூடாது, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு நகல் எடுத்து அதன்மேல்தான் போட வேண்டும். ஏனென்றால் இன்ஸ்டாகிராமுக்குப் போட்ட ஷார்ப்பனிங் பேப்பருக்குப் பொருந்தாது, பேப்பருக்குப் போட்டது திரையில் கண்ணைக் குத்தும்.

திரைக்கு: 6000 பிக்சலை 1080 ஆக்கும்போது ஐந்தரைப் பிக்சல் ஒன்றாகிறது. நீங்கள் 0.7 ரேடியஸில் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கோடெல்லாம் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். அதனால் முதலில் அளவைக் குறையுங்கள், பிறகு ஷார்ப் செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது. குறைத்த நகலை 100 சதவீதத்தில் வைத்து அன்ஷார்ப் மாஸ்க் ரேடியஸ் 0.3, அமவுண்ட் 80, த்ரெஷோல்ட் 0 என்று ஆரம்பித்து, தேவைப்பட்டால் 0.4. அதற்குமேல் வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் அளவு குறைக்கும்போது பைக்யூபிக் ஷார்ப்பர் என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவே கொஞ்சம் ஷார்ப் செய்துவிடும், அமவுண்டைப் பாதியாக்குங்கள். லைட்ரூம்காரர்கள் எக்ஸ்போர்ட்டில் நீள அகலத்தைக் கொடுத்து, ஷார்ப்பன் ஃபார் ஸ்கிரீன், ஸ்டாண்டர்ட் என்று விட்டால் இந்தக் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை நசுக்கும், ஓரங்களில் அழுக்குப் படிந்த மாதிரிப் புள்ளிகள் வரும். ஷார்ப் அதிகமான படத்தில் அந்த அழுக்கும் அதிகம். டாகுமெண்ட்டாக அனுப்புங்கள்.

போனிலேயே எடிட் செய்பவர்களுக்கு ஸ்னாப்சீட் போதும். டீடெயில்ஸ் கருவியில் ஸ்ட்ரக்சரைத் தொடாமல் ஷார்ப்பனிங் மட்டும் 10, 15. அது முகத்தில் வேண்டாம் என்றால் எடிட் வரலாற்றுக்குள் போய் அந்த ஒரு படியை மட்டும் விரலால் தீட்டிக்கொள்ள வசதி இருக்கிறது, நிறையப் பேருக்கு அது தெரியாது.

பேப்பருக்கு வேறு நியாயம். மை பேப்பரில் படும்போது கொஞ்சம் பரவும், மேட் பேப்பர் இன்னும் உறிஞ்சும், கிளாஸி குறைவாக. அதனால் திரையில் பார்க்கும்போது 'ஐயோ, கொஞ்சம் ஜாஸ்தி' என்று தோன்றும் அளவுக்குப் போனால்தான் பேப்பரில் சரியாக வரும். 12-க்கு 18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் நீளவாட்டில் 5400 பிக்சல் வேண்டும், நாரைப் படத்தில் 6000 இருக்கிறது, அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ரேடியஸுக்குப் பலரும் சொல்லும் ஒரு கணக்கு, பிபிஐயை 200-ஆல் வகுப்பது: 300-க்கு 1.5. அமவுண்ட் கிளாஸிக்கு 80 முதல் 100, மேட்டுக்கு 120 முதல் 150 என்று நான் ஆரம்பிப்பேன், த்ரெஷோல்ட் 3. முகம் பெரிதாக இருக்கும் படம் என்றால் இதில் பாதி. இதை 100 சதவீதத்தில் பார்த்துப் பயப்படாதீர்கள், 50 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால் பேப்பரில் வரப்போவதற்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்.

பிரிண்ட் போடும் லேபில் அவர்களும் தங்கள் மெஷினில் ஷார்ப்பனிங் வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைத்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மூன்றோடு நான்காவதாக அதுவும் ஏறும்.

பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன்னால் ஒரு சின்ன சோதனை. மூன்றாவது ஷார்ப்பனிங் இன்னும் போடாத 5400 பிக்சல் நகலிலிருந்து கண்ணும் நெஞ்சுப் பட்டையும் இருக்கும் ஒரு துண்டை, அளவைச் சுருக்காமல், 1200-க்கு 600 பிக்சலில் வெட்டிக்கொள்ளுங்கள். அதையே அமவுண்ட் 60, 100, 150 என்று மூன்று விதமாகச் செய்து, 1200-க்கு 1800 பிக்சல் பக்கம் ஒன்றில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் 4-க்கு 6 அளவு சாதா பிரிண்ட் ஒன்று. எந்தப் பேப்பரில் பெரிதாகப் போடப்போகிறீர்களோ அதே பேப்பரில் எடுக்கச் சொல்லுங்கள். கையில் வாங்கி, சுவரில் மாட்டினால் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பீர்களோ அவ்வளவு தள்ளி ஒருவரைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், மூன்றில் எது என்று உடனே தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பேப்பரின் பெயரோடு பிரிண்டின் பின்பக்கமே எழுதிப் போட்டுவையுங்கள்.